403 பிழையும் ஒரு டாலர் குறியும்

அம்மா சொல்லித்தரும் வீணை வகுப்புகளின் வீடியோக்கள் ஒரு தளத்தில் இருக்கின்றன. பழைய பிரதி வீட்டில் அழிந்துவிட்டதால், அங்கிருந்தே எஃப்எஃப்எம்பெக் (கட்டளை தட்டி வீடியோக்களை இறக்கவும் மாற்றவும் உதவும் மென்பொருள்) வைத்து இறக்கப் பார்த்தேன். பிரவுசரில் ஓடும் அதே முகவரிக்கு டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை, வந்தது.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதை பிரவுசர் ரெஃபரர் என்ற ஹெடரில் (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரியில்) சொல்லிவிடும். எஃப்எஃப்எம்பெக் தானாகச் சொல்லாது. சரி, ஹெடர்ஸ் ஆப்ஷனில் ரெஃபரரையும், நாம் யார் என்று தளத்துக்குக் காட்டும் குக்கியையும் சேர்த்தேன். மறுபடியும் 403. ஒரு சாயங்காலமே அதில் போனது.

முதல் தவறு, ஆப்ஷனை முகவரிக்குப் பின்னால் எழுதியது. உள்ளீட்டுக்கான ஆப்ஷன், முகவரியைக் குறிக்கும் மைனஸ் ஐ-க்கு முன்னால்தான் வரவேண்டும். அடுத்தது இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு ஹெடரும் வரி முடிவைக் குறிக்கும் சிஆர், எல்எஃப் என்ற, கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகளோடு முடிய வேண்டும். டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் பாஷில், அவற்றுக்காகச் சாதாரண மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷ் ஆர், பேக்ஸ்லாஷ் என் என்று போட்டால் அவை வெறும் எழுத்தாகவே போகும். இரண்டு ஹெடரும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். ஒற்றை மேற்கோளுக்கு முன் ஒரு டாலர் குறி போட்டதும் சரியானது. கடைசி ஹெடரில் இந்த முடிவு விட்டுப்போனால் எஃப்எஃப்எம்பெக்கே எச்சரித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளும், நடுவில் உள்ளதை நாம்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு விவரம் காட்ட வேண்டும் என்று சொல்லும் லாக்லெவலை டிபக் என்று வைத்தால் அனுப்பிய கோரிக்கை அப்படியே திரையில் தெரியும். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். அப்புறம், ரெஃபரரை ஆங்கிலத்தில் ஒரு 'ஆர்' குறைத்துத்தான் எழுத வேண்டும். 1996-ல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அந்த எழுத்துப்பிழை இருக்கிறது.

இரவு பத்து மணிக்கு மோகன வர்ணம் முழுதாக இறங்கியது. அம்மா தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.