ரி-பெல்ட் விளக்கு

10 ஜனவரி 2025, வெள்ளி

பரந்தன் சந்தி தாண்டும்போது என் ஹைலக்ஸ் பிக்கப்பின் மீற்றர் பலகையில் ரி-பெல்ட் விளக்கு, அதாவது எஞ்சினின் ரைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்கிற விளக்கு, பத்தியது. ஓடியது 312,040 கிலோமீற்றர். மகளிடம் போவதற்காகக் காத்திருக்கிற மெயில் இன்னும் இல்லை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். மகள் வீடியோவில் வந்தாள். அங்கே பனி கொட்டுகிறதாம். "அப்பா, எப்ப வாறீங்கள்?" பொங்கல் பானையைக் காட்டிச் சமாளித்தேன்.

16 ஜனவரி, வியாழன்

பிக்கப்பை வாங்கவென்று முரசுமோட்டைக்காரர் வந்து பார்த்தார். நெல் மூட்டை ஏற்ற வேண்டுமாம், அறுவடை தொடங்க முதல் வேண்டுமாம். கீழே குனிந்து சேஸியைத் தட்டினார், தொட்டியைத் தட்டினார், கதவைத் திறந்து மூடினார். திறப்பைப் போட்டதும் சிவப்பு விளக்கு.

"அண்ணை, அந்த லைட்டை நிப்பாட்டித் தாங்கோ, காணும். பெல்ட்டை நான் பிறகு பாப்பன்."

நிப்பாட்டலாம். இந்த ஹைலக்ஸில் மீற்றர் முகப்பில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கிறது. அதைக் கிளப்பி, உள்ளே மெல்லிய கம்பியால் அமத்தினால் விளக்கு அணையும். ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. கடைசியாக யாரோ அமத்தியதிலிருந்து ஒரு லட்சம் கிலோமீற்றரை எண்ணும், முடிந்ததும் எரியும், அவ்வளவுதான். அப்படியென்றால் 212,000 வாக்கில் யாரோ அமத்தியிருக்கிறார்கள். பெல்ட் மாற்றிவிட்டு அமத்தினார்களா, சும்மா அமத்தினார்களா? நான் வாங்கும்போதே 260,000 ஓடியிருந்தது. கேட்க ஆள் இல்லை.

19 ஜனவரி, ஞாயிறு

மழை. மெயில் இல்லை. ஸ்பாம் பெட்டியையும் பார்த்தேன்.

22 ஜனவரி, புதன்

நித்திரை இல்லை. 3எல் எஞ்சின், 2,779 சீசீ, டீசல். அமுக்க விகிதம் 22க்கு ஒன்று. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது வால்வுக்கும் அதற்கும் இடையில் அநேகமாக இடமே இல்லை. பெல்ட் அறுந்தால் மேலே வால்வுகளைத் திறக்கிற காம் நின்றுவிடும், கீழே பிஸ்டன்களோடு சுற்றுகிற கிராங்க் நிற்காது. திறந்து நிற்கிற வால்வைப் பிஸ்டன் போய் இடிக்கும். வளைந்த வால்வு, சில வேளை வெடித்த ஹெட். அந்த ஆள் பின்னுக்கு நெல் மூட்டைகளோடு ஏ9 வீதியில் போகும்போது அது நடந்தால்?

விற்ற பிறகு எனக்கென்ன என்று பெரியண்ணை கேட்கிறார். கராஜில் விடு, ஒரு நாள் வேலை என்கிறார். போன முறை பிறேக் செய்யக் கொடுத்த கராஜில் மூன்று போல்ட்டை மறந்துவிட்டுத் தந்தார்கள். மாற்றினால் நானே மாற்றுவேன்.

அம்மாவுக்கு வேறு யோசனை. "இதை வித்துப்போட்டால் என்னை ஆர் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போறது?" ஓட்டோ இருக்கிறது என்றேன். ஓட்டோ ஏறினால் இடுப்பு முறிகிறதாம்.

28 ஜனவரி, செவ்வாய்

கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றுக்குப் போன் எடுத்தேன். முதல் கேள்வியே எஞ்சின் 2எல்-ஆ, 3எல்-ஆ, 5எல்-ஆ என்பதுதான். பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கிற ரென்ஷனர் பெயரிங், ஐட்லர் பெயரிங், ஒயில் கசியாமல் தடுக்கிற கிராங்க் சீல், காம் சீல் எல்லாம் கேட்டேன். சீல் எதுக்கு, பெல்ட் மட்டும் காணாதா என்றார் கடைக்காரர். பழைய சீலில் ஒயில் கசிந்து புதுப் பெல்ட்டில் பட்டால் புதுப் பெல்ட்டும் போய்விடும் என்று சொன்னேன். இரண்டு சீலின் காசைப் பார்த்து அதை விடுகிறவர்களை எனக்கு விளங்குவதில்லை.

31 ஜனவரி, வெள்ளி

நாளையிலிருந்து வாகன இறக்குமதி திரும்பத் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் மூடியது. இத்தனை காலமும் பழசுக்கெல்லாம் புதுசின் விலை. தேத்தண்ணிக் கடையில் இனி விலை விழும் என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். முரசுமோட்டைக்காரர் இரவே எடுத்துவிட்டார், விலையைக் குறைக்கட்டாம். வரி எவ்வளவு என்று பார்த்தீரா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

5 பெப்ரவரி, புதன்

விடியப்புறம் நாலு மணிக்குக் கொழும்பு பஸ்ஸை மறித்துப் பார்சலை வாங்கினேன். பெல்ட்டைப் பெட்டியோடு மேசையில் வைத்திருக்கிறேன். மடித்துப் பார்க்கக் கூடாது, உள்நூல் முறியும். அம்மா அதை இரண்டு தரம் நகர்த்திவிட்டார்.

மெயில் இல்லை.

8 பெப்ரவரி, சனி

தொடங்கியாயிற்று. கூலன்ட்டை வாளியில் இறக்கி, றேடியேற்றரைக் கழற்றி, ஃபானைக் கழற்றி, வெளிப் பெல்ட்டுகளைக் கழற்றி. மருமகன் போல்ட்டுகளைச் சிரட்டைகளில் பிரித்துப் பிரித்துப் போட்டான். கெட்டிக்காரன், இவனுக்கு ஏன் கணக்கு வரவில்லை என்று தெரியாது.

கிராங்க் போல்ட் அசையவில்லை. தண்ணிக் குழாய் போட்டு நீட்டி இரண்டு பேரும் தொங்கினோம். இல்லை. கடைசியில் பம்பிற்கு டீசல் விடுகிற சொலினோயிட் வயரைக் கழற்றினேன், எஞ்சின் பிடித்துவிடாமல். நீளக் கம்பியைச் சேஸியில் முட்டுக்கொடுத்து, அம்மாவையும் கோழிகளையும் கலைத்துவிட்டு, ஸ்ராட்டரை ஒரு தட்டு. டொக். போல்ட் இளகிவிட்டது. பற்றரியைக் கழற்றிவிட்டுத்தான் மிச்சம்.

9 பெப்ரவரி, ஞாயிறு

பூலர் போட்டு இழுத்ததும் கிராங்க் புல்லி கழன்று வந்தது, பெல்ட்டின் உறையைத் திறந்தேன். உறையின் உட்பக்கத்தில், தூசுக்குள், வெள்ளைப் பெயின்றில்: 198,400. பக்கத்தில் சிங்களத்தில் ஒரு சொல், பாதி அழிந்துவிட்டது. யாரோ ஒரு மெக்கானிக் பாஸ் எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்து நல்ல உறுதி.

அப்படியென்றால் பெல்ட் மாற்றியது 198,400இல். விளக்கை அமத்தியது 212,000இல். இடையில் மீற்றரைக் கழற்றினார்களோ, விற்கிறவன் சும்மா ஒருக்கால் அமத்திப் பார்த்தானோ. விளக்கு ஒரு லட்சம் என்கிறபோது பெல்ட் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் ஓடியிருக்கிறது. முதுகு கண்ணாடியாகப் பளபளக்கிறது. பல்லை வளைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் மயிரிழை வெடிப்பு. உட்கரை ஒயிலில் ஊறியிருக்கிறது, கிராங்க் சீல்தான். இதைத்தான் பிறகு பார்ப்பாராம்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. நாடு முழுக்கவாம். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று கம்பியைத் தொட்டதாக அமைச்சரே சொன்னார் என்று மருமகன் பின்னேரம் வந்து சொன்னான். நம்பவில்லை, பிறகு செய்தியில் பார்த்தேன். வைஃபை இல்லை, மெயில் பார்க்க வழியில்லை. அந்த ஆறு மணித்தியாலமும் நல்லாக வேலை ஓடியது.

10 பெப்ரவரி, திங்கள்

இன்றும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. ரோர்ச் வெளிச்சத்தில் குறி பார்க்க முடியாது, நாளைக்கு.

11 பெப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். அம்மா கோயிலுக்குப் போய்விட்டார், எனக்குத்தான் ஒரு கூடிய நேர்த்தி: முதலாம் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவருவது. எஞ்சினைச் சூடாக்குகிற குளோ பிளக் நாலையும் கழற்றியதில் கையாலேயே கிராங்க் சுற்றக்கூடியதாக இருந்தது. கிராங்கின் குறி, காமின் குறி, பம்பின் குறி மூன்றும் நேர். மேலதிகமாகத் தங்கச்சி விட்டுப்போன கியூட்டெக்ஸால் பழைய பெல்ட்டிலும் சக்கரங்களிலும் சிவப்புக் கோடு இழுத்தேன். பிறகு அந்தக் கோடுகளைப் பல் எண்ணிப் புதுப் பெல்ட்டுக்கு மாற்றினேன். எண்ணினேன், மருமகன் எண்ணினான், திரும்ப நான்.

பழசைக் கழற்றியதும் பம்பின் சக்கரம் டக் என்று தானாகத் திரும்பிவிட்டது. பம்புக்குள் இருக்கிற ஸ்பிறிங் செய்கிற வேலை, தெரிந்ததுதான். இருந்தாலும் நெஞ்சு ஒருக்கால் நின்றது. சாவி போட்டுப் பிடித்துக் குறிக்குக் கொண்டுவந்து, கிராங்கிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து காமுக்கு இறுக்கமாக இழுத்து ஏற்றி, தொய்வு முழுவதையும் ரென்ஷனர் பக்கம் விட்டேன். ரென்ஷனர் போல்ட்டை இளக்கியதும் ஸ்பிறிங் தானே தள்ளி இழுவையைப் பார்த்துக்கொள்கிறது. அதைக் கையால் நெம்பி இறுக்குகிறவர்கள் பெயரிங்கைத்தான் கொல்கிறார்கள்.

கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் காம் ஒன்று. ஒரு பல் தவறியிருந்தால் இங்கே, கையில், தட்டுப்படும். மெல்ல மெல்லச் சுற்றினேன். எங்கும் தட்டவில்லை. மூன்று குறியும் திரும்ப நேர். போல்ட்டை இறுக்கினேன்.

உறையை மூட முதல், 198,400க்குக் கீழே அதே வெள்ளைப் பெயின்றில் 312,310 என்று எழுதினேன். அங்கே தமிழில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திகதி மட்டும் போட்டேன்.

12 பெப்ரவரி, புதன்

போயா விடுமுறை. றேடியேற்றரை ஏற்றி, தண்ணி விட்டு, வயரைக் கொழுவி, குளோ விளக்கு அணையும் வரை பொறுத்து, ஸ்ராட். ஒரே தட்டில் பிடித்தது. கரும்புகை இல்லை, தட்டுச் சத்தம் இல்லை. மகளுக்குச் சத்தத்தைப் பதிந்து அனுப்பினேன். "இது என்ன, அப்பா?" என்று திருப்பி வந்தது.

ரி-பெல்ட் விளக்கையும் அமத்தினேன்.

15 பெப்ரவரி, சனி

முரசுமோட்டைக்காரர் வந்தார். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து முகம் மாறிவிட்டது.

"அமத்திப்போட்டியள் என்ன?"

"இல்லை, பெல்ட்டையே மாத்திப்போட்டன்."

சிரித்தார். பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து காட்டினேன், வெடிப்புகளைக் காட்டினேன். எந்த வாகனத்தின் பெல்ட்டோ என்றார். போனில் இருந்த படங்களைக் காட்டினேன், 312,310ஐப் பெரிதாக்கிக் காட்டினேன். படம் யாரும் எடுக்கலாமாம். உறையைத் திறந்து காட்டினால் கேட்ட காசு தருவாராம்.

கிராங்க் போல்ட் எப்படிக் கழன்றது என்று மருமகன் அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினான். நான் உள்ளே வந்து மெயில் பார்த்தேன். இல்லை. திரும்பி வரும்போது அந்த ஆள் பொன்னட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி நிற்கிறார், அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஓட்டோவில் போனால் இடுப்பு என்னவாகும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை தன் மெக்கானிக்கோடு வருகிறாராம்.