ஒரு சப்ரஸர், இரண்டு ரைஃபிள், மூன்று மவுண்ட்

வீட்டில் இரண்டு ரைஃபிள், சப்ரஸர், அதாவது வெடிச்சத்தத்தைக் குறைக்க பேரல் முனையில் மாட்டும் சைலன்சர் குழல், ஒன்றே ஒன்று. இத்தனை நாளாக நான் பட்ட பாட்டுக்கெல்லாம் மூலகாரணம் இதுதான். ஒன்று .308 போல்ட் ரைஃபிள், அதன் பேரல் முனையில் 5/8 அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 24 மரை. இன்னொன்று .223 ஏஆர்-15, அதில் 1/2 அங்குலம், 28 மரை. சப்ரஸரின் துளை .30 அங்குலத் தோட்டா அளவு, அதனால் அதைவிடச் சின்ன .223 தோட்டாவும் அதற்குள் தாராளமாகப் போகும், சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆஸ்டின் பக்கம் ஒரு தெரிந்தவரின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை. சொந்தக்காரர் சம்மதித்தால் போதும், டெக்சஸில் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். மாதம் ஒரு தடவை அங்கே, மற்ற வாரங்களில் ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகும் இடம்.

ஊரில் சைலன்சர் என்றால் பைக்குக்கு அடியில் இருக்கிற குழாய்தான் நினைவுக்கு வரும், அது தப்பும் இல்லை. 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குப் பேடன்ட் வாங்கிய ஹிராம் பெர்சி மாக்சிம் அப்புறம் இன்ஜின் மஃப்ளரும் செய்தவர், இரண்டுக்கும் ஒரே தத்துவம்தான். அவருடைய அப்பாதான் மாக்சிம் மெஷின்கன் கண்டுபிடித்தவர். சத்தத்தை அப்பா கொண்டுவந்தார், மகன் அடக்கினார். சினிமாவில் வருகிற 'புஸ்' எல்லாம் கிடையாது. .308-ன் வெடிச்சத்தம் 165 டெசிபல் பக்கம், சப்ரஸர் அதில் 30 வாக்கில் குறைக்கும், அவ்வளவுதான். காதடைப்பானை நான் இன்னும் கழற்றுவதில்லை.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் 1934 சட்டப்படி சப்ரஸர் ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். நான் வாங்கிய 2024-ல் 200 டாலர் வரி, கைரேகை, ஃபோட்டோ, ஃபார்ம் 4 என்ற விண்ணப்பம் எல்லாம் முடிந்து ஒரு வாரத்தில் அனுமதி வந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம், பதிவும் அனுமதியும் மட்டும் அப்படியே இருக்கின்றன. எனக்கு வயிற்றெரிச்சல்தான், என்ன செய்வது. ஆனால் நம்பர் அடித்த அந்தக் குழல்தான் பதிவுக்கு உரியது, அதைப் பேரலோடு சேர்க்கப் பின்னால் மாட்டுகிற மவுண்டுக்கு அது கிடையாது. அதனால் மவுண்டை இஷ்டப்படி வாங்கலாம், மாற்றலாம். பணம் கரைந்ததும் அங்கேதான்.

முதல் மூன்று மாதம் நேரடி மரைதான். அடாப்டரை அப்படியே பேரலில் திருகி ஓட்டினேன். லேசானது, மலிவு, நேராக உட்காரும். ஆனால் பத்து ரவுண்ட் போனால் சூட்டிலும் அதிர்விலும் தளர ஆரம்பிக்கும். தளர்ந்தால் சத்தம் கூடுகிறது என்பதல்ல பயம், குழல் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் தோட்டா உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டில் உரசிவிடும். அப்படி ஆனால் வாங்கிய விலை கோவிந்தா. அதனால் பத்து ரவுண்டுக்கு ஒருமுறை கையை வைத்து இறுக்க வேண்டும், அதுவோ அடுப்பில் வைத்த இரும்புக் கரண்டி மாதிரி கொதிக்கும். சமையலறையிலிருந்து ஒரு கரித்துணியை ரேஞ்ச் பைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாவது வாரமே மாட்டிக்கொண்டேன். "என்னங்க, குக்கர் இறக்க வச்சிருந்த துணியைப் பார்த்தீங்களா?"

ஆக கியூ.டி., அதாவது சட்டென்று மாட்டிக் கழற்றும் மவுண்ட், வேண்டும் என்று முடிவு. என் சப்ரஸரின் பின்பக்கம் ஹப் மரை, அதாவது 1.375 அங்குலம், 24 மரை. இது இருந்தால் யார் செய்த மவுண்டை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், இன்று பெரும்பாலான கம்பெனிகள் இந்த அளவுக்கு வந்துவிட்டன. புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஷ்யூர்ஃபயர் மாதிரி தனக்கென்று ஒரு பூட்டு வைத்திருப்பவர்களும் உண்டு, அது நல்ல பூட்டுதான், ஆனால் அந்த வீட்டுக்குள் போனால் பேரல் முனையில் திருகும் பிரேக் (உதைப்பைக் குறைப்பது), ஃப்ளாஷ் ஹைடர் (தீப்பொறியை மறைப்பது) எல்லாம் அந்த வீட்டுக்குப் பொருந்துவதாகவே வாங்க வேண்டும்.

முதலில் வாங்கியது பற்சக்கர வளையம் வைத்த ஒன்று, பெயர் வேண்டாம். திருகி, வளையத்தை இறுக்கினால் 'கட கட கட' என்று பல் ஏறிப் பூட்டும், அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். வீட்டில் மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி ஒரு சாயந்திரம் முழுக்க விளையாடினேன். அப்புறம் குழலின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஒரு சின்ன 'டக்'. காகிதம் பொய் சொல்லாது என்று .308-ஐ எடுத்துக்கொண்டு 100 கஜத்தில் உட்கார்ந்தேன். மாட்டு, மூன்று சுடு, கழற்று, திரும்ப மாட்டு, மூன்று சுடு. இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு மூன்றும் தனியாகப் பார்த்தால் ஒரு அங்குலத்துக்குள் அழகாக உட்காருகிறது. ஆனால் ஐந்து கொத்தும் ஐந்து இடத்தில், ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலம் வரை தள்ளி. ஒவ்வொரு தடவையும் குழல் வேறு மாதிரி உட்காருகிறது என்று அர்த்தம். எல்லாப் பற்சக்கர மவுண்டும் இப்படி என்று சொல்லவில்லை, என் கைக்கு வந்தது அப்படி.

இரண்டாவது, நண்பரிடம் இரவல் வாங்கிய டேப்பர் வகை. இதில் பூட்டு என்று எதுவும் கிடையாது. பேரலில் திருகியிருக்கும் பிரேக்கின் மேல் கூம்பாக ஒரு சரிவு, மவுண்டுக்குள் அதே சரிவு, திருகத் திருக இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். புனலுக்குள் புனல் உட்காருவது மாதிரி நடு தானாக வந்துவிடும், ஆட்டம் சுத்தமாக இல்லை. அதே ஐந்து தடவைச் சோதனையில் பதினைந்து ஓட்டையும் ஒன்றரை அங்குலத்துக்குள். சரி, இதுதான் என்று குதித்தேன். கழற்றும்போதுதான் தெரிந்தது விஷயம். சப்ரஸர் வருகிறது என்று பார்த்தால் பிரேக்கும் சேர்ந்தே பேரலிலிருந்து கழன்று வருகிறது! இரண்டும் வலது மரை, கூம்பு கவ்விய பிடி பேரல் மரையின் பிடியைவிட அதிகம். ரேஞ்சில் பக்கத்து மேஜைப் பெரியவர் நான் கையில் வைத்திருந்த கொத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "ராக்செட் போடலையா தம்பி?"

போடவில்லை. ராக்செட் என்பது தண்ணியாக இருக்கும் ஒரு பீங்கான் பசை. சிவப்பு லாக்டைட் என்கிற வழக்கமான மரைப் பசை சப்ரஸர் சூட்டில் இளகிவிடும், இது இளகாது. ஆனால் ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும், மரையில் சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது. பேரலுக்கும் பிரேக்குக்கும் நடுவே நசுங்குகிற வாஷரையும் போடக் கூடாது, அது ஒரு பக்கம் கூட நசுங்கினால் எல்லாமே கோணல். பிரேக்கின் துளை பக்கவாட்டில் நேராக நிற்க வேண்டுமானால் மெல்லிய தட்டை ஷிம்தான். நான் ஷிம் கணக்கைத் தப்பாகப் போட்டு, பசையும் காய்ந்தபிறகு பார்த்தால் துளை பாதி தரையைப் பார்க்கிறது. ராக்செட்டின் பலவீனம் தண்ணீர். பேரல் முனையை வெந்நீரில் ஊறவைத்துத்தான் எடுத்தேன், எந்தப் பாத்திரத்தில் என்பதை இங்கே எழுத முடியாது.

கடைசியாக வாங்கியது டெட் ஏர் கம்பெனியின் ஸீனோ மவுண்ட். இதுவும் டேப்பர்தான், ஆனால் இடது மரை. சப்ரஸரைக் கழற்றத் திருப்பும் திசை பிரேக்குக்கு இறுக்கும் திசை, அதனால் பிரேக் கூட வர வழியே இல்லை. யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. ஒரே சங்கடம், கை பழகும்வரை தப்பான பக்கம் திருப்பிக்கொண்டே இருப்போம், மரை கழண்டவன் மாதிரி நானே என்னைத் திட்டிக்கொண்டேன். இரண்டு ரைஃபிளுக்கும் இரண்டு பிரேக், ஒரு மவுண்ட், எல்லாம் சேர்ந்து 250 டாலரைத் தாண்டியது. பிரேக்கை 25 அடி-பவுண்டில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன், ராக்செட்டோடு. முதல் ரவுண்டுக்கு முன்னால் நேர்ப்பு பார்க்கும் கம்பியைப் பேரல் வழியாக விட்டு, சப்ரஸர் வாயின் நட்ட நடுவில் அது நிற்கிறதா என்று பார்த்தேன். இந்தக் கம்பியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கத் தயங்காதீர்கள்.

வேகம் என்று பார்த்தால் இது ஒன்றும் வேகம் இல்லை, சில சுற்று திருக வேண்டும், பத்து விநாடி ஆகிறது. என்னை யாரும் துரத்தவில்லை, பன்றி உட்பட. சப்ரஸர் போட்டால் .308-ல் 100 கஜத்தில் குண்டு ஒன்றரை அங்குலம் கீழே விழுகிறது, ஆனால் எத்தனை தடவை மாட்டினாலும் அதே ஒன்றரை, ஸ்கோப்பில் எண்ணித் திருப்பிவிடலாம்.

போன மாதம் ஏஆரில் அறுபது ரவுண்ட் போட்டுவிட்டு அப்படியே பைக்குள் வைத்துவிட்டேன். ராத்திரி கழற்றப் போனால் அசையவில்லை. ஓட்டல் தோசைக்கல் ஓரத்தில் படிகிற கரி இருக்கிறதே, அதே மாதிரி கார்பன் கவ்வியிருந்தது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பட்டை ரெஞ்ச் போட்டுத்தான் விட்டது. இப்போது கடைசி ரவுண்ட் முடிந்ததும் குண்டறை காலி என்று பார்த்துவிட்டு, சூடு ஆறி முடிவதற்குள் ஒரு கால் திருப்பு தளர்த்தி வைத்துவிடுகிறேன். அதற்கென்று இந்தியன் கடையில் தனியாக ஒரு கரித்துணி வாங்கியாகிவிட்டது. ஏஆருக்கு ஐந்து தடவைச் சோதனை இன்னும் பாக்கி, மழை விட்டதும் போக வேண்டும்.