தொப்பியும் வலந்தலையும் பிரிந்தன: ஸ்பீக்கர் தேடலில் இப்போதைய நிலை

வீட்டு அறையில் தவில், நாதஸ்வரப் பதிவுகளைத் தெளிவாகக் கேட்க ஒரு சோடி ஸ்பீக்கர் பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் தவிலின் இடப்பக்கமான தொப்பியின் அடி, வலப்பக்கமான வலந்தலையிலிருந்து பிரிந்து கேட்கிறது. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பதிவு ஒன்றைத்தான் ஆரம்பத்திலிருந்து அளவுகோலாக வைத்திருக்கிறேன். பழைய பதிவு, இரைச்சல் உண்டு. இருந்தாலும் கூடு (விரலில் மாட்டும் கடினமான உறை) போட்ட விரல்கள் வலந்தலையில் விழும் சத்தம் வேறு, கழி தொப்பியில் விழும் சத்தம் வேறு. இரண்டையும் சேர்த்துக் குழைத்துவிடும் பெட்டி எனக்கு வேண்டாம்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நான் கண்டதெல்லாம் ஹோம் தியேட்டர் செட்டும் திருவிழாவுக்குப் பிடிக்கும் பெரிய பெட்டிகளும்தான். ஒரு கடையில் பி.எம்.பி.ஓ. என்ற, விளம்பரத்துக்கு ஊதிக் காட்டும் வாட் கணக்கை ஆயிரக்கணக்கில் அடுக்கினார்கள். அந்த எண்ணை அளக்கப் பொது நியமமே கிடையாது. நான் கொண்டுபோன தவில் பதிவைப் போட்டுக் கேட்கவும் விடவில்லை. 88 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தள்ளிக் கேட்கும் சத்த அளவு) உள்ள பெட்டிக்குச் சின்ன அறையில் உண்மையான 20 வாட் தாராளம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. வாட்டின் அருமை எங்களுக்குத் தெரியும்.

போட்டி கடைசியில் இரண்டு சோடிக்கு இடையில் வந்து நின்றது. ஒன்று யமஹா என்எஸ்-10எம், கொழும்பில் பாவித்த சாமானாகக் கிடைத்தது. 1978இல் வீட்டுப் பாவனைக்கென்று வந்து, பிறகு ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் குடியேறிய வெள்ளைக் கூம்புப் பெட்டி. துளை இல்லாத மூடிய பெட்டி என்பதால் தவில் அடி சட்டென்று நின்றது, அருமை. ஆனால் நாதஸ்வரம் மேலே ஏறும்போது காதைக் குத்தியது. நடுத்தர உயர ஒலிகளை முன்னே தள்ளும் சுபாவம் அதற்கு. மற்றது சுவிஸ் மச்சான் விட்டுப்போன ஐந்தேகால் அங்குலக் கூம்புள்ள பெட்டி, பின்பக்கம் காற்றுத் துளை. நாதஸ்வரம் அதில் குழைந்து வந்தது, தவில்தான் 'பொம்' என்று வீங்கியது. இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டேன். அரை டெசிபல் கூடினாலும் காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

மச்சானின் பெட்டியையே வைத்துக்கொண்டு அந்த வீக்கத்தை அடக்குவதென்று முடிவு. இதில்தான் முழு உழைப்பும் போனது.

அறை 12க்கு 10 அடி. சீமெந்துத் தரை, பூசிய சுவர், மேலே சீற். ஒலிவேகம் விநாடிக்கு 343 மீற்றர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் பிரித்தால் 47 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு அதே கணக்கில் 56. இந்த இரண்டு இடத்திலும் அறை தானாகவே அதிரும். பெட்டியின் துளைக்காற்று தானாக அதிரும் இடமும் 50ஐ ஒட்டி இருந்ததால் மூன்றும் சேர்ந்து கும்மியடித்தன.

பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தால் சரியாகும் என்பார்கள். அது பாதி உண்மைதான். கூம்புக்கும் சுவருக்கும் இடைவெளி 2 அடி என்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் பக்கம் பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலியை அழித்து அங்கே ஒரு பள்ளம் விழுத்தும். தவில் மெலிந்துபோகும். 3 அடிக்கு இழுத்தால் அந்தப் பள்ளம் 94க்கு இறங்கும், அறையில் கால்வாசியும் போய்விடும். தரையில் சோக் கோடு போட்டு அரை அரை அங்குலமாக நகர்த்தினோம். பக்கத்து வீட்டுத் தம்பி "அண்ணை, இன்னும் எவ்வளவு தள்ள?" என்று கேட்டபடியே பொறுமையாகத் தள்ளினான்.

வழி துளையை அடைப்பதில் கிடைத்தது. தும்பு வேண்டாம், நார் உதிர்ந்து உள்ளே போகும். மெத்தை தைப்பவரிடம் வாங்கிய ஸ்பொஞ்சை இறுக்கமாகச் சுருட்டிச் செருகினேன். அப்புறம் பெட்டி கிட்டத்தட்ட மூடிய பெட்டி போலவே நடக்கிறது. கீழே இறங்கும்போது தாழ்ந்த ஒலி (பாஸ்) முன்னதாகவே குறையத் தொடங்கும், ஆனால் சரிவு மெதுவானது. அந்தக் குறையைச் சுவர் ஈடுகட்டட்டும் என்று கூம்பு சுவரிலிருந்து ஒன்றேகால் அடியில் நிற்கும்படி பின்னே கொண்டுபோனேன். இப்போது பள்ளம் 225 ஹெர்ட்ஸில். அந்த உயரத்தில் அதை உறிஞ்சுவது சுலபம். நாலங்குலத் தும்பு மெத்தையைப் பின்னால் சுவரோடு நிமிர்த்தி வைத்தேன், போதும். கதிரையை அறையின் நடுவிலிருந்து விலக்கிப் பின்சுவருக்கு நாலரை அடி முன்னே போட்டேன். நடுவில் இருந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் காதுக்கே வராது.

அன்று தொப்பி அடி விழுந்து, நின்று, அடுத்த அடிக்கு இடம் விட்டது. நாதஸ்வரமும் குத்தவில்லை. இந்தச் சோடியை இனி மாற்றமாட்டேன்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாவித்த ஜப்பான் அம்பிளிபயர் தேடுபவர்கள் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் எங்கள் 230க்கு மின்மாற்றி இல்லாமல் கொழுவவே கூடாது. ஸ்பீக்கரில் கூம்பின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நுரை ஓரம் எங்கள் வெக்கைக்குப் பொடிந்துவிடும், இறப்பர் ஓரம் நிற்கும்.

ஸ்ராண்ட் இன்னும் முடியவில்லை, பெட்டிகள் சீமெந்துக் கல்லின் மேல்தான் இருக்கின்றன. முதிரைத் துண்டுகள் சேர்த்துவிட்டேன், தச்சர் காலபோக அறுவடை முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒரே கூம்பில் தரும் முழுவீச்சு டிரைவர் ஒன்றுக்கு மூடிய பெட்டி வரைந்தும் வைத்திருக்கிறேன். மாங்குளம் பக்கம் 18 மில்லிமீற்றர் நல்ல பிளைவுட் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.