நாலு ஐம்பதுக்குத் தண்ணீர் வரும்

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு ஆறாகவும் வாய்க்கால் வாய்க்காலாகவும் உடைந்து, கடைமடையில் நிற்கிற மனிதரிடம் எப்போது போய்ச் சேரும்? பாசனப் பிரிவில் எஞ்சினியராக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என்னிடம் வந்த கேள்வி இதுதான். திருத்துறைப்பூண்டி பக்கம். படிப்பு முடித்த சூடு ஆறாத வயது.

பெரியவர் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி வந்தார். "தம்பி, தண்ணி எப்ப வரும்?"

நோட்டை எடுத்தேன். தலைப்பு மதகு இரவு 12 மணிக்குத் திறப்பு. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், அதாவது 26,000 அடிக்குக் கொஞ்சம் மேல். நீரோட்டம் விநாடிக்கு ஒன்றரை அடி. வகுத்தேன்.

"விடியக்காலை நாலு அம்பதுக்கு வந்துடுங்க."

ஐந்து மணி வாக்கில் என்று சொல்லியிருந்தாலாவது மன்னித்திருக்கலாம். பஸ் நேரம் மாதிரி நாலு ஐம்பது! அவரும் நம்பி டார்ச் லைட்டோடு வந்து மடைமேல் உட்கார்ந்திருந்தாராம். தண்ணீர் வந்தது மூன்றாம் நாள் சாயங்காலம்.

மதகைத் திறந்து மூடுகிற என் பிரிவு லஸ்கருக்கு முப்பது வருஷ சர்வீஸ். நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெடிப்பு குடிக்கணும், நண்டு வளை குடிக்கணும், மேல இருக்கிறவங்க வயல் குடிக்கணும். அப்புறம்தான் சார் நம்ம ஊரு" என்றார். வகுத்தலில் தப்பில்லை. கோடை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வாய்க்காலை நான்தான் சிமெண்ட் குழாயாக நினைத்துக்கொண்டேன்.

நாற்று விடலாமா, நடவுக்கு ஆள் சொல்லி வைக்கலாமா, நடுவில் மகள் வீட்டுக்கு ஒரு நடை போய் வரலாமா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துத்தான் பெரியவர் அந்த ஒற்றை 'எப்ப'வில் கேட்டிருந்தார். எனக்கு அது ஐந்து மார்க் கணக்காகக் காதில் விழுந்தது. எங்கள் இனத்தின் கோளாறு இது. கேட்ட கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்வோம். கேட்டவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்பது சிலபஸில் இல்லை.

இன்னொரு தடவை அதே பெரியவர், பேப்பரில் வருகிற டி.எம்.சி. என்றால் என்ன என்று கேட்டார். விடுவேனா? நூறு கோடி கன அடி என்றேன். முகம் மாறவில்லை. ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. என்றேன். அதற்கும் மாறவில்லை. சரி, அவர் அளவிலேயே சொல்வோம் என்று மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டு, ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 23,000 ஏக்கர், வேலி என்கிற பழைய நில அளவில் 3,440 என்று நிமிர்ந்தேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி தம்பி, நம்ம ஆறு மா நிலத்துக்கு எப்ப வரும்?" என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். கும்பகோணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் காப்பியை டம்ளர் விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தார்கள். அது அவர்கள் பிரியம். எனக்கோ கரையில் ஃப்ரீபோர்டு, அதாவது தண்ணீருக்கு மேலே விடுகிற வெற்று உயரம், இல்லையே என்றுதான் தோன்றியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லியும் விட்டேன். அடுத்த முறை அரை டம்ளர்தான் வந்தது.

எங்கள் ஆட்களிலும் காது உள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள். 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று எழுதியவர். மணலில் கல்லைப் போட்டால் புதையும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. புதைகிறவரை புதைந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இந்த எஸ்டிமேட்டை நான் மேலே அனுப்பியிருந்தால் 'எத்தனை கல்?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்பார்கள். எனக்கு வந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஒரு ஆடிப்பெருக்கன்று குடும்பத்தோடு படித்துறைக்குப் போனோம். மஞ்சள், காப்பரிசி, காதோலை கருகமணி என்று தாம்பாளத்தை நிறைத்து வைத்துக்கொண்டு மனைவி கேட்டாள், "தண்ணி எவ்வளவு போவுது?"

பாலத்துத் தூணில் வரைந்திருந்த அளவுகோலை எட்டிப் பார்த்தேன். "ஆயிரத்து இருநூறு கன அடி இருக்கும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் அன்றைக்கு ஏதோ உறைத்தது. இவள் கேட்பது அதை இல்லை! வேட்டியை மடித்துக் கட்டி நானே மூன்று படி இறங்கினேன். நனைந்ததுதான் மிச்சம் என்றாலும் பெருமையாகத்தான் இருந்தது.

"இடுப்பளவு!" என்று அங்கிருந்தே கத்தினேன்.

"உங்க இடுப்பா, புள்ள இடுப்பா?"