மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் பாலினம்: அந்தக் கேள்விக்கு நான் தயாரான விதம்

மறுமலர்ச்சிக் கால (15-16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய) கலையில் ஆண், பெண் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்ற கேள்வியை முதுகலை கலை வரலாற்றில் பலர் சாய்ஸில் விட்டுவிடுகிறார்கள். நான் முதல் செமஸ்டரில் எழுதினேன், பாதி மார்க்கூட வரவில்லை. ஆணின் பார்வைக்காகவே பெண்ணை வரைந்தார்கள் என்று மூன்று பக்கத்துக்கும் ஒரே வாதம். விடைத்தாளின் ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தார்: "யார் சொன்னது? படத்தில் எங்கே?"

அடுத்த முறை ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டேன். இத்தாலிய ஓவியர் டிஷியன் 1538-ல் முடித்த ‘ஊர்பினோவின் வீனஸ்’. கலர் பிரிண்ட் எடுத்து மேஜைக்கு மேலே ஒட்டி, கண்ணில் படுவதை மட்டும் குறித்து வந்தேன். படுக்கையில் நிர்வாணமாகச் சாய்ந்திருக்கும் பெண் நம்மை நேராகப் பார்க்கிறாள். வலது கையில் ரோஜாக்கள், இடது கை தொடைகளுக்கு நடுவே, காலடியில் தூங்கும் நாய்க்குட்டி. பின்னால் ஒரு பணிப்பெண் மண்டியிட்டுப் பெட்டிக்குள் எதையோ தேடுகிறாள். அது சும்மா பெட்டி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ‘கஸ்ஸோனே’, அந்நாளைய இத்தாலியில் கல்யாணத்துக்குச் செய்யும் பெட்டி. ஜன்னலில் இருக்கும் மர்ட்டில் செடியும் திருமணத்தோடு தொடர்புடையது.

கலை வரலாற்றாளர் ரோனா காஃபென் இதைத் திருமண ஓவியமாகப் படித்தது இவற்றை வைத்துத்தான். அந்த இடது கைக்கும் அவரிடம் விளக்கம் உண்டு: பெண் இன்பம் அடைந்தால்தான் கரு உண்டாகும் என்று அக்கால மருத்துவத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. சார்ல்ஸ் ஹோப் போன்ற வேறு கலை வரலாற்றாளர்கள் இதை ஏற்கவில்லை. ஆணின் ரசனைக்காக வரைந்த அழகிய நிர்வாணம், அவ்வளவுதான் என்றார்கள். படத்தை வாங்கிய குயிதோபால்தோ தன் கடிதத்தில் ‘நிர்வாணப் பெண்’ என்று மட்டும் குறிப்பிட்டது அவர்களுக்குச் சாதகம். எனக்குக் காஃபென் சொல்வதே வலுவாகப் படுகிறது, வெறும் ரசனைக்கு அந்தக் கல்யாணப் பெட்டி எதற்கு? ஆனாலும் கடிதத்தை மறைத்துவிட்டு விடை எழுதக் கூடாது.

சிற்பி தொனதெல்லோவின் வெண்கலச் சிலையான தாவீதுக்கும் இதே முறைதான். பைபிள் கதையில் அரக்கன் கோலியாத்தைக் கொன்ற இளைஞன் அவன். கோலியாத்தின் தலைக்கவச இறகு தாவீதின் தொடையின் உட்புறமாக மேலேறுவதை முதலில் எழுதுங்கள். அப்புறம், தன்பாலீர்ப்பு என்ற கோணத்தை 1957-ல் முன்வைத்த கலை வரலாற்றாளர் ஜான்சன். அப்புறம் ஃபிளாரன்ஸில் ஆண்களுக்கிடையிலான உறவுகளை விசாரிக்க 1432 முதல் 1502 வரை இயங்கிய ‘இரவு அதிகாரிகள்’ அமைப்பும், அதன் ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாளர் மைக்கேல் ராக்கும். சிற்பி அப்படிப்பட்டவர்தான் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், மார்க் போவது அங்கேதான்.

தேர்வில் வந்தது நான் தயாரித்த இரண்டும் இல்லை, பக்கவாட்டு முக ஓவியங்கள். ஃபிளாரன்ஸ் ஓவியர் கிர்லாந்தாயோ வரைந்த ஜொவான்னா தொர்னபூவோனி என்ற பெண்ணின் ஓவியத்தை எடுத்து அதே வரிசையில் எழுதினேன். வீனஸைப் போல இவள் நம்மைப் பார்ப்பதில்லை. நம் பார்வைக்கு வைக்கப்பட்டவள் இவள் என்ற கலை வரலாற்றாளர் பட்ரிசியா சைமன்ஸின் வாதத்துக்கு அந்த முகமே சாட்சி. தோள்பட்டைத் துணியில் கணவர் லொரென்சோவின் முதலெழுத்து ‘எல்’ நெய்யப்பட்டிருப்பதையும் சேர்த்தேன். இந்த முறை ஓரத்தில் கேள்வி எதுவும் இல்லை.