அரைக்காசம்மன் சந்நிதியில் ஒரு அம்மன் காசு

போன தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பூஜை அறைச் சாமான்களையெல்லாம் இறக்கி வைத்தோம். திரும்ப அடுக்கும்போது பார்த்தால், குங்குமச் சிமிழில் இருந்த அம்மன் காசைக் காணோம். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பழைய செப்புக்காசு. அம்மாவுக்கு அவள் பாட்டி கொடுத்த காசு அது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம், அரைக்காசம்மன் என்று எல்லோரும் கூப்பிடும் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும்.

மூன்று நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. “அரைக்காசம்மா, உன் காசை நீயே கண்ணில் காட்டு. உன் காலடியில் கொண்டுவந்து வைக்கிறேன், வெல்லமும் தருகிறேன்” என்று வேண்டிக்கொண்டாள். நாலாம் நாள் காலை, பழைய பட்டுத்துணியை உதறியபோது டிங் என்று தரையில் விழுந்தது. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

சரி, நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை புதுக்கோட்டைக்குப் புறப்பட்டோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் ஒருவர், திருக்கோகர்ணம் ரொம்ப தூரம் என்று வாய்க்கு வந்த கூலியைக் கேட்டார். அம்மாவின் முழங்காலை நினைத்துப் பேசாமல் ஏறிவிட்டேன். கோயில் வாசலில் வெல்லம் விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேறு, முன்னால் நிற்பவர் முதுகில் நம் மூச்சு படுகிறது. வயதானவர்களை இப்படி நெரிப்பது பாவம் என்று யாருக்குமே தோன்றவில்லையே!

நீண்ட முன்மண்டபத்தில் ஒரு தூணோரம் அம்மாவை உட்கார வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே பாட்டி சொன்ன கதையைச் சொன்னாள். பாட்டியின் அப்பாவுக்கு அரண்மனை நவராத்திரியில் அரிசியோடு கிடைத்த காசாம் இது. திருவரங்குளம் காட்டில் மௌனத் துறவியான சதாசிவ பிரம்மேந்திரர், புதுக்கோட்டை மன்னர் விஜய ரகுநாதராயத் தொண்டைமானுக்கு மணலில் எழுதி உபதேசம் செய்தது 1738இல். அந்த மணலை அரண்மனையில் வைத்துப் பூஜித்தார்கள். நவராத்திரி தானமும் பிரம்மேந்திரர் சொல்லித்தான் வந்தது என்பார்கள்.

தொண்டைமான்கள் தங்களைப் ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு சங்கடப்படும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சுற்றிலும் வெள்ளைக்காரன் ஆட்சி நடந்தபோதும் இந்தச் சமஸ்தானம் அவனுக்குக் கப்பம் கட்டவில்லை. வெளியே விக்டோரியா ராணி தலை போட்ட காசு புழங்கியது. இங்கே கடைத்தெருவில் கை மாறிய செப்புக்காசில் அம்பாள் இருந்தாள். பிற்பாடு இங்கிலாந்திலேயே அச்சடித்து வரவழைத்தபோதும் காசில் அவள்தான்! 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. ராஜாங்கம் போனது. அம்பாள் எங்கே போனாள்? இதோ உள்ளே நிற்கிறாளே.

வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. முந்தானை முடிச்சை அவிழ்க்க அம்மாவுக்குக் கை நடுங்கியது. குருக்கள் பொறுமையாக நின்றார். “அம்பாள் காசா? இப்படிக் கொடுங்கோ” என்று தட்டில் வாங்கிப்போய் அவள் பாதத்தில் வைத்தார். தீபாராதனை வெளிச்சம் முதலில் மூக்குத்தியில் பட்டது, அப்புறம் முகம், அப்புறம் கீழே அந்தச் சின்னக் காசு. பின்னால் இருந்தவர்கள் தள்ளியது கூடத் தெரியவில்லை. காசில் இருப்பவளும் கருவறையில் நிற்பவளும் ஒருசேரக் கண்ணில் நின்றார்கள். என்ன வேண்டிக்கொள்வது என்றே மறந்துவிட்டது. கண்ணீர்தான் வந்தது. அம்மா “தாயே, தாயே” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

கோகர்ணேஸ்வரரையும் தரிசித்தோம். குடைவரையின் குளிர்ச்சி, மகிழ மரம் எல்லாவற்றையும் விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அம்பாள் முகத்தைத் தாண்டி மனசு நகர மறுக்கிறது. கேட்டதைக் கொடுத்தாய், நடக்க முடியாதவளை நடத்திக் கூட்டிவந்து உன் எதிரே நிறுத்தினாய். அம்மா, உனக்குக் கோடி நமஸ்காரம்.

பாதத்தில் வைத்தெடுத்த காசு சிமிழுக்குத் திரும்பிவிட்டது. அதில் ஒட்டிய சந்நிதிக் குங்குமத்தை அம்மா இன்னும் துடைக்கவில்லை.