பாரதி செயல்திட்டம்: வாழ்க்கை ஒரு குழுவுக்கு, பாட்டு ஒரு குழுவுக்கு என்று பிரிக்காதீர்கள்

வகுப்பில் பாரதியார் பற்றிய குழுச் செயல்திட்டம் என்றாலே வேலை ஒரே மாதிரிதான் பிரிகிறது. வாழ்க்கை வரலாறு முதல் குழுவுக்கு, தேசியப் பாடல்கள் அடுத்ததற்கு, பெண் விடுதலை மூன்றாவதற்கு. கடைசியில் சுவரில் நாலு சார்ட் தொங்கும், ஒன்றுக்கு மற்றொன்றோடு பேச்சே இருக்காது. ‘1908இல் புதுச்சேரி சென்றார்’ என்று எழுதிய பிள்ளைக்கு அங்கே அவர் என்ன எழுதினார் என்று தெரியாது. பாஞ்சாலி சபதத்தை விளக்கும் பிள்ளைக்கோ, அது போலீஸ் கண்காணிப்பில் ஊர் திரும்ப முடியாமல் இருந்தவர் எழுதியது என்று தெரியாது.

காலத்தால் பிரித்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். 30 பேர் வகுப்பு என்றால் ஐந்து ஐந்து பேராக ஆறு குழுக்கள். 1882 முதல் 1904 வரை ஒன்று: எட்டயபுரம், காசி, மதுரை. 1904 முதல் 1908 வரை ஒன்று: சுதேசமித்திரன், சக்கரவர்த்தினி, இந்தியா ஆகிய பத்திரிகைகளில் வேலை பார்த்த காலம். புதுச்சேரிப் பத்தாண்டுகளை ஒரே குழு தாங்காது, இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பாஞ்சாலி சபதம் ஒரு பக்கம், கண்ணன் பாட்டு மறுபக்கம். ஐந்தாவது குழுவுக்கு 1918 நவம்பரில் கடலூரில் கைதானதிலிருந்து 1921 வரை. ஆறாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அவர் மறைவுக்குப் பிறகு எழுத்துகளுக்கு என்ன ஆனது? 1949இல் அரசு பதிப்புரிமையை வாங்கி, பின்னர் பொதுவுடைமை ஆக்கிய கதை. பாடல் என்பது ஒரு கட்டத்தில் சொத்தாகவும் இருந்தது என்று பிள்ளைகள் முதல்முறையாக யோசிப்பது இங்கேதான்.

விதி ஒன்றுதான்: ஒவ்வொரு குழுவும் தன் காலத்து நிகழ்ச்சி மூன்றும், அதே காலத்தில் வெளிவந்த எழுத்து இரண்டும் கொண்டுவர வேண்டும். இரண்டில் ஒன்று உரைநடையாக இருக்கட்டும். கட்டுரையும் தலையங்கமும் எழுதிய பத்திரிகைக்காரரைப் பாட்டுக்காரராக மட்டும் காட்டுவது அநியாயம்.

இங்கேதான் முதல் முட்டுக்கட்டை வரும். கடையில் எளிதாகக் கிடைக்கும் ‘பாரதியார் கவிதைகள்’ தொகுப்பு பொருள்வாரியானது: தேசிய கீதங்கள், தெய்வப் பாடல்கள், ஞானப் பாடல்கள் என்று போகும். எந்தப் பாட்டு எந்த ஆண்டு என்பது அதில் தெரியாது. சீனி. விசுவநாதன் காலவரிசைப்படி பதிப்பித்த தொகுதிகள் நூலகத்தில் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் ஆண்டு உறுதியான எழுத்துகளை ஆசிரியரே முன்கூட்டிப் பொறுக்கிக் கொடுத்துவிடலாம்: 1904இல் விவேகபாநு இதழில் வந்த ‘தனிமை இரக்கம்’, 1908இல் வெளியான ஸ்வதேச கீதங்கள், 1912இல் வந்த பாஞ்சாலி சபதம் முதல் பாகம். இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகுதான் அச்சேறியது. எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு என்று இரண்டு உண்டு என்பதை இதைக் காட்டியே சொல்லிக்கொடுக்கலாம்.

‘தனிமை இரக்க’த்தையும் பாஞ்சாலி சபதத்தில் ஒரு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். முன்னதற்கு அகராதி இல்லாமல் நகர முடியாது. பின்னதை ஓரளவு கேட்டவுடனே பிடித்துக்கொள்ளலாம். ‘எளிய பதங்கள், எளிய நடை’ என்று பாஞ்சாலி சபத முன்னுரையில் அவரே சொல்வது எதை விட்டுவிட்டு வந்தபின் சொன்னது என்று அப்போது விளங்கும். இதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். மற்றதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம்.

தகவல் சேகரிக்க அரைத் தாள் அட்டை போதும். முன்பக்கம் ஆண்டு, இடம், நிகழ்ச்சி, எங்கே படித்தது. பின்பக்கம் பாட்டின் நாலு வரி, எந்தத் தலைப்பிலிருந்து என்ற குறிப்போடு. தலைப்பு எழுத முடியாத வரி சார்ட்டில் ஏறக்கூடாது. வாட்ஸ்அப்பில் பாரதி பெயரில் உலவும் பொன்மொழிகளில் பெரும்பகுதி இந்தச் சல்லடையிலேயே நின்றுவிடும்.

வழக்கமாக வரும் பிழைகள் மூன்று. யானை மிதித்து இறந்தார் என்பது முதலாவது. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியது உண்மைதான். ஆனால் தேறி வந்து, ஈரோடு கருங்கல்பாளையத்தில் சொற்பொழிவும் ஆற்றினார். உயிரைப் பறித்தது பின்னர் வந்த வயிற்று நோய். அடுத்தது தேதி: செப்டம்பர் 11 என்று ஒரு குழுவும் 12 என்று ஒரு குழுவும் சண்டை போடும். 11ஆம் தேதி நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்ததுதான் காரணம். இந்தச் சண்டையைத் தடுக்காதீர்கள், நல்ல பாடம் அது. மூன்றாவது, கண்ணம்மா அவருடைய மகள் என்பது. மகள்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும். கண்ணம்மா, கண்ணன் பாட்டில் கண்ணனையே பெண்ணாகப் பாவித்த பெயர். குழந்தையாகவும் வருவாள், காதலியாகவும் வருவாள்.

கையெழுத்து அழகாக உள்ள பிள்ளையிடம் சார்ட்டைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை ஒரு பாட்டும் படிக்காமலே திட்டத்தை முடித்துவிடும். ஆகவே முதல் வாரம் சார்ட்டே வேண்டாம், அட்டை மட்டும். ஐந்து பேரும் ஆளுக்கு நாலு வரியாவது சீர் பிரித்து வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

குழுவுக்கு எட்டு நிமிடம்: வாழ்க்கைக்கு மூன்று, எழுத்துக்கு மூன்று, கேள்விக்கு இரண்டு. மதிப்பெண் 20 என்றால் நிகழ்ச்சியையும் எழுத்தையும் இணைத்துக் காட்டியதற்கு 7, வாசிப்புக்கு 5, ஆதாரத்துக்கு 5, பதிலுக்கு 3. அலங்காரத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சம்கி ஒட்டுவதிலேயே இரண்டு பாடவேளை போய்விடும்.